முன்சக்கரப் பிரேக் காலிப்பரைக் கழற்றுதல்: எந்தக் கருவிகள், எந்த வரிசை?

மெல்லோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய ஒன்பது ஆண்டுப் பழைய சிறிய காரில், அரை மணி நேரம் ஓட்டியபின் வலது முன்சக்கரம் அருகில் கைகொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடாகிவிடுகிறது. இடது முன்சக்கரம் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. ஜாக்கில் ஏற்றிக் கையால் சுழற்றிப் பார்த்தேன். வலது சக்கரம் அரைச் சுற்றுக்கூட முடிக்காமல் நின்றுவிடுகிறது. காலிப்பர் (பிரேக் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப்பிடிக்கும் பாகம்) இறுகிவிட்டது, மொத்தமாகப் புதிதாக மாற்றவேண்டும் என்று ஒரு பட்டறையில் கழற்றிப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுவேன். ஆனால் அதற்கு முன் நானே கழற்றிப் பார்த்துவிட விரும்புகிறேன்.

எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை நானே மாற்றிய அனுபவம் உண்டு. பிரேக்கில் இதுவரை கைவைத்ததில்லை. குழப்பம் என்னவென்றால், நான் பார்த்த மூன்று காணொளிகளில் ஒருவர் இரண்டு சிறிய போல்ட்டுகளைக் கழற்றுகிறார், இன்னொருவர் அவற்றைத் தொடாமல் பின்னாலுள்ள இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்றுகிறார், மூன்றாமவர் பிரேக் ஹோஸையே கழற்றி ஆயிலை ஒழுகவிடுகிறார். இவற்றில் எது சரியான முறை? என்னிடம் ஒரு சாக்கெட் செட், வண்டியோடு வந்த ஜாக், வீல் ஸ்பேனர், திருப்புளிகள் ஆகியவை மட்டுமே உள்ளன.

பழையசாவி எழுதியது:

மூவர் செய்ததும் சரிதான். மூவரும் செய்த வேலைகள்தான் வெவ்வேறு. இதை முதலில் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் வண்டியில் பெரும்பாலும் மிதக்கும் வகைக் காலிப்பர்தான் இருக்கும். அதில் பிஸ்டன் உட்புறம் மட்டுமே உண்டு. பிஸ்டன் உள்பக்கப் பேடை, அதாவது டிஸ்க்கில் உராயும் கட்டையை, தள்ள, அந்த எதிர்விசையில் காலிப்பரின் உடல் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் டிஸ்க்கின்மேல் இழுத்து அழுத்துகிறது. அப்படி நகர்வதற்காக அது இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நிற்கிறது. அந்தப் பின்களைப் பிடித்திருப்பவைதான் நீங்கள் பார்த்த சிறிய போல்ட்டுகள். பேடை மாற்ற இவை போதும். பின்கள் நுழைந்திருக்கும் பிராக்கெட்டை, சக்கரத்தைத் தாங்கும் ஸ்டியரிங் நக்கிளோடு பிணைப்பவை பெரிய போல்ட்டுகள். டிஸ்க்கைக் கழற்றவும் பிராக்கெட்டைச் சுத்தம் செய்யவும் இவற்றைத் திருகவேண்டும். ஹோஸைக் கழற்றுவது காலிப்பரை வண்டியிலிருந்து முழுவதுமாகப் பிரித்தெடுக்க மட்டுமே. அது செய்தால் பிறகு ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும். தேவையில்லாமல் ஹோஸைத் தொடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். முன்பக்கத்தைப் பாதுகாப்பாக உயர்த்தி நிறுத்தி, ஒருவரை நான்கைந்து முறை பிரேக்கை மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரம் இறுகியிருக்கும் நிலையில், காலிப்பரின் நிப்பிளில் (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சிறு திருகில்) ஒரு சிறு குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு புட்டியில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறந்து உடனே மூடுங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரமும் உடனே தளர்ந்தால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது என்று பொருள். ஒரு சக்கரம் மட்டுமே பிடிப்பதால், அந்த ஹோஸ் உட்சுவர் சிதைந்து ஒருவழி வால்வுபோல நடந்துகொள்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்போது காலிப்பரை மாற்றுவது வீண்செலவு. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் தளரவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோதான் இறுகியிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் காலிப்பரை மாற்றிவிட்டு, மறு வாரமே அதே சூட்டோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய்க்கறை எழுதியது:

கருவிகளைப் பற்றி நான் சொல்கிறேன். வண்டியோடு வந்த ஜாக்கை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அது சக்கரம் மாற்றும் அவசரத்துக்கானது. இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளும் பின்சக்கரங்களுக்கு அடைக்கட்டைகளும் வாங்கியே ஆகவேண்டும். பெரிய போல்ட்டில் நீங்கள் முழு உடல்பலத்தையும் போட்டு இழுக்கும்போது வண்டி அசையும். ஸ்டாண்டில் அமர்த்தியபின் வேலைக்கு முன்பே ஒருமுறை வண்டியை நன்றாக ஆட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

போல்ட் அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்லைடு பின் போல்ட்டுகளில் 12, 13, 14 மில்லிமீட்டர் தலைகள் அதிகம். பல ஐரோப்பிய வண்டிகளில் அவற்றுக்குப் பதிலாக 7 மில்லிமீட்டர் ஆலன் தலை இருக்கும். பிராக்கெட் போல்ட்டுகள் 17 முதல் 21 வரை இருக்கலாம். இங்கே ஒரு வேண்டுகோள்: பன்னிரண்டு முனைச் சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு முனைச் சாக்கெட்டை வாங்குங்கள். துருப்பிடித்த போல்ட்டின் தலையை மழுக்குவதில் பன்னிரண்டு முனைச் சாக்கெட்டுக்கு இணையான கருவி கிடையாது.

இவை தவிர, ஒரு நீண்ட பிரேக்கர் பார், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், மெல்லிய தகடு போன்ற ஒரு ஓப்பன் ஸ்பேனர், துருவிளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, பிரேக் கிளீனர், பிஸ்டனைத் தள்ள ஒரு பெரிய சி-கிளாம்ப், காலிப்பரைத் தொங்கவிட உறுதியான கம்பி, கையுறை, கண்ணாடி, தூசு முகமூடி ஆகியவை வேண்டும். கிரீஸ் மட்டும் கவனம். வீட்டில் பேரிங்குக்காக வைத்திருக்கும் சாதாரண கிரீஸைப் பின்னில் தடவினால் ரப்பர் உறைகள் உப்பிவிடும். பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸ்தான் சரி. நிப்பிளுக்கும் ஹோஸுக்கும் வாய்திறந்த ஸ்பேனரைப் போடுவதைவிட, அளவாகப் பொருந்தும் ஆறு முனை வளைய ஸ்பேனர் நல்லது.

மெல்லோட்டம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஸ்டாண்டுகளும் அடைக்கட்டைகளும் வாங்கிவிட்டேன். நிப்பிள் சோதனையை இன்று காலை செய்தேன். நிப்பிளைத் திறந்தபோது ஆயில் மெதுவாகக் கசிந்ததே தவிரப் பீறிடவில்லை; சக்கரமும் முன்போலவே இறுக்கமாகத்தான் இருந்தது. ஆகவே ஹோஸ் குற்றமற்றது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் கழற்றும் வரிசையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா, ஐயா?

பழையசாவி எழுதியது:

ஆம், ஹோஸை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு உயர்த்துங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்டியரிங்கைக் காலிப்பர் வெளியே தெரியும் பக்கமாக முழுவதும் திருப்பிவிட்டால், காலிப்பரின் பின்பக்கம், அதாவது போல்ட் தலைகள் இருக்கும் பக்கம், உங்களை நோக்கி வெளியே வரும். இதைச் செய்யாமல் டிஸ்க்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே கையை நுழைத்துத் துன்பப்படுகிறவர்கள் ஏராளம். பேடில் தேய்மான உணரியின் கம்பி இருந்தால் அதன் இணைப்பைப் பிரித்துவிடுங்கள். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து, மட்டம் உச்சக் கோட்டை ஒட்டி இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்; பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் மேலேறி வழிந்து பெயின்ட்டைக் கெடுத்துவிடும். எங்காவது சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டிஸ்க்கின் விளிம்பில் துருவும் தேய்மானமும் சேர்ந்து ஒரு வரப்பு எழும்பியிருக்கும். பேடுகள் அந்த வரப்பில் மாட்டிக்கொண்டால் காலிப்பர் வெளியே வராது. எனவே போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே, சி-கிளாம்பின் ஒரு முனையைக் காலிப்பரின் முதுகிலும் மறுமுனையை வெளிப்பேடின் முதுகிலும் வைத்து மெதுவாக இறுக்கிப் பிஸ்டனைச் சில மில்லிமீட்டர் உள்ளே அனுப்புங்கள். அப்போதே பிஸ்டன் நிலை உங்களுக்குத் தெரிந்துவிடும். அது சீராக உள்ளே போனால் பிஸ்டன் நலமாக இருக்கிறது.

இப்போது கீழ்ப்பின் போல்ட். திருகும் திசையில் ஒரு பொறி உண்டு. இவை சாதாரண வலப்புரி மரைகள்தான். ஆனால் நீங்கள் சக்கரத்தின் பக்கம் நின்றுகொண்டு பின்னால் கையைவிட்டுத் திருகும்போது திசை கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாகக் கற்பனை செய்து, அங்கிருந்து இடப்புறமாகத் திருப்புங்கள். நன்றாக வேலை தெரிந்தவர்களே அவசரத்தில் இறுக்கி முறித்ததுண்டு. போல்ட்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால், பின்னின் தட்டையான பகுதியை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பேடை மட்டும் பார்க்கவேண்டும் என்றால் கீழ்ப்போல்ட்டை மட்டும் எடுத்துக் காலிப்பரை மேல்நோக்கி மடக்கிவிடலாம். உங்கள் வேலைக்கு இரண்டையும் எடுங்கள்.

காலிப்பர் கையில் வந்ததும் அதை ஒருபோதும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். முன்னரே வளைத்து வைத்த கம்பியால் சுருள்வில்லில் கட்டிவிடுங்கள். அந்த நிலையில் யாரும் பிரேக்கை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே டிஸ்க் இல்லாததால் பிஸ்டன் முழுவதும் வெளியே வந்துவிடும். பேடுகளை எடுத்தவுடன் உள்பேடு, வெளிப்பேடு என்று குறித்துவைத்து அவற்றின் தடிப்பை ஒப்பிடுங்கள். உள்பேடு மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் பின்கள் நகரவில்லை என்பது பொதுவான அறிகுறி. ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டில் ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கலாம்.

நான்காம்கியர் எழுதியது:

பழையசாவி அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம். நிப்பிளை மூடிவைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளக்கூடாது. காலிப்பருக்குள் இருக்கும் ஆயில்தான் அதிகம் சூடுபட்டு அழுக்கடைந்திருக்கும்; அதை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அலகின் நுண்ணிய வால்வுகள் வழியாகப் பின்னோக்கி அனுப்புவது ஆபத்து. நிப்பிளைத் திறந்து அந்த ஆயிலை வெளியே விட்டுவிட்டுத்தான் தள்ளவேண்டும்.

எண்ணெய்க்கறை எழுதியது:

இந்த வாதம் பட்டறைகளில் ஓயாமல் நடப்பது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. நான்காம்கியர் சொல்லும் முறை ஆயிலுக்கு நல்லது. ஆனால் தள்ளிமுடித்துக் கையை எடுப்பதற்குள் நிப்பிளை மூடத் தவறினால் காற்று உள்ளே போகும். முதன்முறை செய்பவருக்கு அது புதிய தலைவலி. மேலும் ஒன்பது ஆண்டு வண்டியில் நிப்பிளே துருப்பிடித்து முறிந்துவிடும் வாய்ப்பு அதிகம். நம் நண்பருக்கு அது திறந்துகொண்டது அவருடைய நல்லூழ். ஆயிலைக் காலத்தில் மாற்றிவருகிற வண்டியில் மூடியபடியே மெதுவாகத் தள்ளுவதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆயில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டிருந்தால் திறந்து தள்ளிவிட்டு, வேலை முடிந்ததும் முழு ஆயிலையும் மாற்றிவிடுவது மேல்.

மெல்லோட்டம் எழுதியது:

நேற்று மாலை தொடங்கி இருட்டும்வரை போராடினேன். பிஸ்டன் சி-கிளாம்புக்கு எளிதாக அடங்கி உள்ளே போய்விட்டது. மேல்போல்ட்டும் வந்துவிட்டது. கீழ்ப்போல்ட்தான் நகர மறுக்கிறது. ஆறு முனைச் சாக்கெட் வாங்கும்படி சொன்ன அறிவுரையைக் கேட்காமல் பழைய சாக்கெட்டையே போட்டதில் தலையின் இரண்டு முனைகள் சற்று மழுங்கிவிட்டன. குழாயைச் செருகி நீட்டி இழுக்கலாமா, அல்லது சூடேற்றலாமா?

எண்ணெய்க்கறை எழுதியது:

இரண்டையும் உடனே செய்யாதீர்கள். முதலில் கம்பித் தூரிகையால் தலையைச் சுற்றியுள்ள துருவை எடுத்துவிட்டு, துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். எண்ணெய் டிஸ்க்கிலோ பேடிலோ படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் ஆறு முனைச் சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி முழுவதும் இறங்கும்படி பொருத்தி, முதலில் சிறிதளவு இறுக்கும் திசையில் அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்திப் பாருங்கள். துருவின் பிடி அப்போதுதான் உடையும். பார் நீளமாக இருக்கட்டும், ஆனால் வெடுக்கென்று இழுக்காமல் சீராக விசையைக் கூட்டுங்கள். கை வழுக்கினால் எங்கே போய் மோதும் என்று பார்த்துவைத்துக்கொண்டு, தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள்.

சூடேற்றுவதை நான் கடைசி வழியாகக்கூடச் சொல்லத் தயங்குவேன். அங்கே ரப்பர் உறை, ஹோஸ், தீப்பற்றக்கூடிய பிரேக் ஆயில் ஆகிய மூன்றும் ஒரு சாணுக்குள் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. அது தடவிய பாகத்தில் தீச்சுடர் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிரேக் கிளீனரையும் சுடரையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள்.

பழையசாவி எழுதியது:

போல்ட் வந்தபின்னும் ஸ்லைடு பின் பிராக்கெட்டுக்குள்ளேயே சிக்கியிருந்தால், அதை வண்டியில் வைத்துக்கொண்டு போராடவேண்டாம். காலிப்பரைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் எடுத்துப் பிராக்கெட்டை மேசைக் கிடுக்கியில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் போல்ட்டுகள் தாமாகத் தளராதிருக்க மரைப்பசை பூசியிருப்பார்கள். ஆகவே அரைச் சுற்று வந்தபிறகும் கடினமாகவே இருக்கும், பயப்படவேண்டாம். சில நிறுவனங்கள் அவற்றை ஒருமுறை கழற்றினால் புதியதைத்தான் போடவேண்டும் என்று கையேட்டில் சொல்கின்றன. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்லோட்டம் எழுதியது:

கழன்றுவிட்டது! ஒரு இரவு ஊறியதும் புதிய சாக்கெட்டுக்குக் கீழ்ப்போல்ட் "டக்" என்ற ஓசையோடு பணிந்தது. நீங்கள் சொன்னதுபோலவே பின் அசையவே இல்லை. பிராக்கெட்டைக் கழற்றிக் கிடுக்கியில் பிடித்து, பின்னின் அறுகோணப் பகுதியைப் பூட்டும் குறட்டால் பிடித்து, எண்ணெய் விட்டு விட்டு இருபுறமும் திருகினேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அது செந்நிறச் சேற்றோடு வெளியே வந்தது. அதன் ரப்பர் உறையில் ஒரு விரல்நகம் நுழையும் அளவுக்குக் கிழிசல். தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கவேண்டும். உள்பேடு வெளிப்பேடில் பாதித் தடிப்புக்குத் தேய்ந்திருக்கிறது. பிஸ்டனில் துருவோ உறையில் கிழிசலோ இல்லை.

பின்னின் மேற்பரப்பு அம்மை விழுந்ததுபோலக் குழிந்திருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கிப் போடலாமா? மேலும் மேல்பின்னின் நுனியில் ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்கிறது, கீழ்ப்பின்னில் இல்லை. அது கழன்று விழுந்துவிட்டதா?

பழையசாவி எழுதியது:

குழி விழுந்த பின்னைத் தேய்த்துப் போடாதீர்கள். பின்னும் உறையும் சேர்ந்த தொகுப்பு தனியாகவே கிடைக்கும், காலிப்பர் தேவையில்லை. ரப்பர் வளையம் பெரும்பாலான வண்டிகளில் ஒரு பின்னுக்கு மட்டுமே உண்டு, அது அதிர்வை அடக்குவதற்காக. எது மேலே, எது கீழே என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால், வலதுபக்கத்தில் பார்த்ததை இடதுபக்கத்தையும் கழற்றி ஒப்பிட்டோ கையேட்டைப் பார்த்தோ உறுதிசெய்யுங்கள். பின் நுழையும் துளைக்குள் துரு இல்லாமல் சுத்தம் செய்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். துளை நிறைய அடைத்தால் உள்ளே காற்று சிறைப்பட்டுப் பின் வெளியே தள்ளப்படும்.

திருப்பி மாட்டும்போது கைக்கணக்கு வேண்டாம். பல சிறிய கார்களில் ஸ்லைடு பின் போல்ட்டுக்கு ஏறக்குறைய 25 முதல் 35 நியூட்டன் மீட்டரும், பிராக்கெட் போல்ட்டுக்கு 80 முதல் 120 வரையும் சொல்லியிருப்பார்கள். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. பேடுகளை இருபக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

புதுச்சக்கரம் எழுதியது:

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பின்சக்கரக் காலிப்பரில் ஆயில் கசிவு இருப்பதால் முழுக் காலிப்பரையுமே மாற்றவேண்டும். இதே முறைதானா? ஹோஸைக் கழற்றும்போது தொட்டியிலுள்ள ஆயில் முழுவதும் ஒழுகிவிடாதா?

நான்காம்கியர் எழுதியது:

பின்சக்கரத்தில் முதல் வேறுபாடு ஹேண்ட்பிரேக். அதை விடுவித்தால்தான் காலிப்பர் வரும். ஆகவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் அடைக்கட்டை கட்டாயம். கேபிள் ஹேண்ட்பிரேக் காலிப்பரோடு இணைந்த வகையில் பிஸ்டனைச் சி-கிளாம்பால் நேராகத் தள்ளக்கூடாது. அதற்கான கருவியால் சுழற்றிக்கொண்டே உள்ளே செலுத்தவேண்டும். மின்னணு ஹேண்ட்பிரேக் என்றால், சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் எதையும் தொடாதீர்கள்; உள்ளிருக்கும் மோட்டார் பற்சக்கரம் உடைந்துவிடும்.

ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேன்ஜோ போல்ட்டை, காலிப்பர் இன்னும் உறுதியாக மாட்டியிருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவையுங்கள். தொங்கும் காலிப்பரில் அதைத் திருக முயன்றால் ஹோஸ்தான் முறுக்கிக்கொள்ளும். ஒழுகாமல் இருக்க ஹோஸ் கிளாம்பால் ஹோஸை இறுக்கிவிடுவேன்.

பழையசாவி எழுதியது:

கிளாம்பை நான் பயன்படுத்துவதில்லை. பழைய ஹோஸின் உட்சுவர் அந்த இடத்தில் சிதைந்தால், இந்த இழையின் தொடக்கத்தில் சொன்ன அதே அடைப்பை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். அதற்குப் பதிலாக, பிரேக் பெடலைச் சற்று அழுத்தி அந்த நிலையிலேயே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுங்கள். பெடலால் இயங்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தொட்டியிலிருந்து வரும் துளையைத் தாண்டி மூடிவிடுவதால் ஆயில் இறங்காது. ஆனால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள்.

பேன்ஜோ போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள். புதிய காலிப்பரை மாட்டும்போது நிப்பிள் மேற்பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கீழே வந்தால் இடது வலது மாறிவிட்டது. எத்தனை முறை மிதித்தாலும் காற்று வெளியே போகாது. ஆயில் மூடிய புட்டியிலிருந்துதான் ஊற்றவேண்டும். டாட் 4 என்ற தரவகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு புதியதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 155 பாகை மட்டுமே.

மெல்லோட்டம் எழுதியது:

பின், உறை, இருபக்கப் பேடுகள் எல்லாம் மாட்டி முடிந்தது. இடதுபக்கத்திலும் வளையம் உள்ள பின் மேலேதான் இருந்தது. கையேடும் அதையே சொல்கிறது. இடதுபக்க உறை ஒன்றும் வெடிக்கத் தொடங்கியிருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கை மிதித்தபோது முதல் மூன்று மிதிகளில் பெடல் தரைவரை போய்விட்டது. பிஸ்டன்கள் வெளியே வரும்வரை அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தும் ஒரு கணம் உள்ளம் நடுங்கியது. பிறகு கெட்டியாகிவிட்டது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன.

எண்ணெய்க்கறை எழுதியது:

மகிழ்ச்சி. ஒரு வாரம் ஓட்டியபின் ஆயில் தொட்டியின் மட்டத்தையும், நீங்கள் திறந்து மூடிய நிப்பிளில் கசிவு இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். அந்த மழுங்கிய கீழ்ப்போல்ட்டையே திருப்பி மாட்டினீர்களா?

மெல்லோட்டம் எழுதியது:

இல்லை, புதியது போட்டேன். பழையது பன்னிரண்டு முனைச் சாக்கெட்டோடு சேர்ந்து ஒரு டப்பாவில் கிடக்கிறது.